ஓடையில் கரைக்காத பிள்ளையார்

குன்னூரில் விநாயகர் சதுர்த்தி வருகிற ஆவணி மாதத்தில் வெயிலை நம்பி எந்த வேலையையும் தொடங்க முடியாது. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவமழை எங்கள் சரிவில் அவ்வளவு கடுமையாக இருப்பதில்லை என்றாலும், காலையில் விலகி மதியத்துக்குள் திரும்பிவிடும் மேகமூட்டமும், துவைத்த துணி நாள்கணக்கில் காயாமல் கொடியிலேயே தொங்கும் குளிரும் இங்கே இயல்பு. களிமண் பிள்ளையார் வாங்குங்கள், பக்கத்திலுள்ள நீர்நிலையில் கரையுங்கள் என்று சமவெளியிலிருந்து வரும் ஆலோசனைகள் இந்த ஈரத்தையும் சரிவையும் கணக்கில் கொள்வதில்லை. தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் குடியிருப்பில் சில ஆண்டுகளாகப் பத்து முப்பது வீடுகள் சேர்ந்து சதுர்த்தியைக் கொண்டாடும் முறையை, மலைமேல் வாழும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. பிள்ளையார் எனக்குச் சிறு வயதிலிருந்தே இஷ்ட தெய்வம்.

மலையில் பக்கத்திலுள்ள நீர்நிலை என்பது பெரும்பாலும் ஓர் ஓடைதான். எங்கள் வீடுகளுக்குக் கீழே தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓடும் ஓடையைக் கோடையில் குழந்தைகள்கூடத் தாண்டிவிடுவார்கள். அது குன்னூர் ஆற்றில் சேர்கிறது. குன்னூர் ஆறு லாஸ் நீர்வீழ்ச்சியாக விழுந்து, மலையிறங்கி, மேட்டுப்பாளையத்துக்கு அருகே பவானியில் கலக்கிறது. அங்கே கரையில் வனபத்ரகாளியம்மன் கோயில் இருக்கிறது. எங்கள் குடியிருப்பிலிருந்தே பல குடும்பங்கள் அங்கு சென்று நீராடிப் பொங்கல் வைத்து வருகின்றன. அதற்கும் கீழே பவானிசாகர் அணை. முதுமலைப் பக்கத்து நீரும் மோயாறாக இறங்கி அதே அணைக்குத்தான் வருகிறது. ஆகவே இங்கே ஓடையில் எதைக் கரைத்தாலும், கீழே ஒருவர் குடிக்கிற, குளிக்கிற, வயலுக்குப் பாய்ச்சுகிற நீரில்தான் கரைக்கிறோம். சமவெளியின் பெரிய ஏரியில் பரவி நீர்த்துப்போகக்கூடிய அழுக்கு, இடுப்பளவு அகலமுள்ள ஓடையில் அப்படியே திரண்டு நிற்கும்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைகளைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. ஜிப்சத்தைச் சுமார் 150 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கிப் பெறும் அந்தத் தூள், தண்ணீர் பட்டதும் மீண்டும் ஜிப்சமாகவே இறுகிவிடுகிறது. அதனால் அது கரைவதாக நாம் நினைத்துக்கொள்கிறோமே தவிர, கையும் துதிக்கையும் உடைந்த நிலையில் மாதக்கணக்கில் பாறை இடுக்கில் கிடக்கிறது. மேலே பூசிய வண்ணங்களில் காரீயம், காட்மியம், குரோமியம் போன்ற உலோகங்கள் இருக்கலாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2010இல் சிலை கரைப்புக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டு, 2020இல் அவற்றைத் திருத்தி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், தெர்மாகோல், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் ஆகியவற்றை விலக்கச் சொன்னது. 2023இல் தமிழ்நாட்டில் இத்தகைய சிலைகளின் விற்பனையை அனுமதிப்பது தொடர்பான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றபோது, உயர் நீதிமன்ற அமர்வு விதித்த தடையில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. சட்டம் தெளிவாகவே இருக்கிறது.

சட்டம் எட்டாத இடங்களைப் பற்றித்தான் எனக்குக் கூடுதலாகச் சொல்ல இருக்கிறது. காகிதக்கூழும் கிழங்கு மாவும் கலந்து செய்யும் உயரமான சிலைகள் இயற்கையானவை என்ற பெயரில் விற்கப்படுகின்றன. ஆனால் அத்தனை மாவும் கூழும் ஒரே நாளில் சிறிய ஓடையில் விழுந்தால், அவை அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளியை உறிஞ்சிவிடும். மீனும் தவளையும் தாங்காது. களிமண்ணுக்கும் ஓர் அளவு உண்டு. நூறு கிலோ களிமண் பிள்ளையாரை ஓடையில் இறக்கினால், அந்த நுண்மண் கூழாங்கற்களின் இடுக்குகளை அடைத்து, அங்கே முட்டையிடும் பூச்சிகளுக்கும் மீன்களுக்கும் இடமில்லாமல் செய்துவிடும். ஆகவே எதனால் செய்தோம் என்பதோடு, எவ்வளவு பெரிதாகச் செய்தோம், எங்கே கரைக்கிறோம் என்ற கேள்விகளும் சேர்ந்தே வர வேண்டும்.

விதைப் பிள்ளையாரைப் பற்றியும் மனம் விட்டுச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்லெண்ணத்தோடு பலரும் அதைத்தான் இப்போது வாங்கிப் பரிசளிக்கிறார்கள். சமவெளியில் ஒரு தொட்டியில் வைத்து நீரூற்றிச் செடி வளர்ப்பதற்கு அது அழகான முறைதான். ஆனால் நீலகிரியின் சோலைகளும் புல்வெளிகளும் வெளியிலிருந்து வந்த தாவரங்களாலேயே பெரிதும் இடத்தை இழந்திருக்கின்றன. உண்ணிச்செடியும், சீகை என்று நாங்கள் சொல்லும் வாட்டில் மரமும், கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸும் யாரோ ஒரு காலத்தில் நல்லதென்று எண்ணிக் கொண்டுவந்து வைத்தவைதாம். என்ன விதை என்று தெரியாத ஒரு சிலையைச் சோலை ஓரத்து ஓடையில் விடுவது, பண்டிகையின் பெயரால் அதையே மறுபடி செய்வதாகும். விதை வைத்தே ஆக வேண்டும் என்று குழந்தைகள் ஆசைப்பட்டால், கொத்தமல்லியோ வெந்தயமோ வைத்து, வீட்டுத் தொட்டியிலேயே கரைத்துவிடச் சொல்கிறேன்.

இனி மண் வேலை. எங்கள் பக்கத்துச் செம்மண் சிலை செய்ய வராது. பிடித்தால் நிற்காது, காய்ந்தால் உதிரும். ஆகவே மேட்டுப்பாளையத்துக்குக் கீழே மண்பாண்டம் செய்யும் ஒரு குடும்பத்திடமிருந்து, மிதித்துப் பதப்படுத்திய களிமண்ணை வாங்கி, ஈரம் போகாமல் நனைந்த சாக்கில் சுற்றி, மலையேறும் காய்கறி வண்டியில் கொண்டுவருகிறோம். அச்சில் அழுத்தி எடுத்த பிள்ளையாரைக் கொண்டுவருவதே எளிது என்று சிலர் நினைக்கலாம். ஆனால் பச்சை மண் பிள்ளையார், கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஆடும் ஆட்டத்தில் துதிக்கையோடு வந்து சேர்வது அரிது. அதைவிட முக்கியமாக, குழந்தைகள் தங்கள் கையால் பிடித்த பிள்ளையாரைப் பூஜையில் பார்க்கும்போது அவர்களுக்கு வரும் பக்தி, கடைச் சிலையைப் பார்க்கும்போது வருவதில்லை. இதை நான் ஆண்டுதோறும் கண்ணால் பார்க்கிறேன்.

உயரம் ஒரு சாணைத் தாண்டக் கூடாது என்று எங்களுக்குள் முடிவு செய்துகொண்டோம். மண்பாண்டம் செய்யும் அண்ணன் முதலிலேயே ஒன்றைச் சொல்லி அனுப்பினார்: "வயித்தை உள்ள குடைஞ்சிருங்கம்மா. கனமா இருந்துச்சுன்னா உங்க ஊர்ல அது தீபாவளிக்குத்தான் காயும்." அதன்படி, பிள்ளையாரைப் பிடித்துச் சற்று இறுகியதும், கீழ்ப்புறத்திலிருந்து கரண்டிக் காம்பால் மண்ணைச் சுரண்டி எடுத்து, சுவர் ஒரு விரல் கனத்துக்கு இருக்குமாறு விட்டுவிடுகிறோம். துதிக்கை ஒட்டும் இடம்தான் எப்போதும் விரிசல் விடும். ஒட்டும் இரண்டு பரப்பையும் ஈர்க்குச்சியால் கீறி, தண்ணீரில் குழைத்த மண்கூழைத் தடவி, அழுத்திப் பிடித்து, மேலே மறுபடி மண்ணால் நீவிவிட வேண்டும். துதிக்கையைத் தொங்கவிடாமல் வயிற்றின் மேல் படிய வைத்துவிட்டால் அது விழவே விழாது.

காய வைப்பதில் அவசரம் கூடாது. குளிருக்கு மூட்டும் கணப்பின் அருகே வைத்தால் வெளிப்புறம் சட்டென்று காய்ந்து சுருங்கும், உள்புறம் ஈரமாகவே இருக்கும், நடுவே பிளந்துவிடும். முதல் சில நாட்கள் ஈரக் காடாத் துணியால் மூடி நிழலில் வைத்து, பிறகு துணியை விலக்கி, பிறகுதான் விறகடுப்புக்கு மேலேயுள்ள பரணுக்கு ஏற்ற வேண்டும். விறகடுப்பு இல்லாத வீடுகளில், கேஸ் அடுப்பு இருக்கும் மேடையின் ஓரம் போதும். சமையலின் வெப்பமே மெதுவாகக் காய வைத்துவிடும். அடியில் தட்டு வைக்காமல் ஈர்க்குச்சிகளைப் பரப்பி, அவற்றின் மேல் சிலையை நிறுத்தினால் அடிப்புறமும் காயும். பூஞ்சை பிடித்தால் பயப்பட வேண்டாம். உலர்ந்த துணியால் துடைத்து, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றினால் போய்விடும்.

வண்ணம் பூசுவதை நிறுத்திவிட்டோம். மண் நிறமே பிள்ளையாருக்கு அழகு என்பது என் கருத்து. ஆசைப்படுகிற குழந்தைகளுக்கு மஞ்சள்தூள், செம்மண், சுண்ணாம்பு, அடுப்புக்கரி ஆகிய நான்கும் போதும். கண்ணுக்குக் குன்றிமணி வைப்பது வழக்கம். அந்தக் கறுப்பும் சிவப்பும் வைத்தவுடன் மண்ணுக்குப் பார்வை வந்துவிடுகிறது என்பதால் அதை நாங்களும் விடவில்லை. ஆனால் குன்றிமணி கடித்து விழுங்கினால் கொல்லக்கூடிய நஞ்சு. அதை வைப்பது பெரியவர்கள் கையால், கரைப்பதற்கு முன் பிடுங்கி எண்ணி டப்பாவில் போட்டு வைப்பதும் பெரியவர்கள் கையால் என்பதில் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம். அதே மணிகள் அடுத்த ஆண்டும் கண்ணாகின்றன.

பூவுக்கும் இலைக்கும் வருகிறேன். எருக்கம் பூ எங்கள் உயரத்தில் கிடைப்பதில்லை. மாவிலை பர்லியார்ப் பக்கத்திலிருந்தோ அதற்கும் கீழிருந்தோதான் வர வேண்டும். முன்பு இவற்றுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் மாலையும் மினுமினுப்புத் தோரணமும் கட்டினார்கள். இப்போது அவரவர் வாசலில் பூத்த சாமந்தி, டேலியா, செம்பருத்தி ஆகியவற்றையே சாத்துகிறோம். எருக்க மாலை பிள்ளையாருக்கு ஒன்று மட்டும் மேட்டுப்பாளையத்திலிருந்து வரும். அருகம்புல் பறிக்கப் போகும் குழந்தைகளுக்கு ஒன்றைக் காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. மலைப் புல்தரைகளில் அடர்த்தியாகப் படர்ந்திருப்பது பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கிக்குயு புல். அதன் தண்டு பருமனாகவும் இலை மெத்தென்றும் இருக்கும். அருகின் தண்டு மெல்லியது. இரண்டையும் உள்ளங்கையில் வைத்து ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மாறாது.

பந்தலுக்குக் கவாத்து செய்த தேயிலைக் குச்சிகளே பெரிய உதவி. கவாத்தில் கழிக்கும் குச்சிகளை விறகுக்காக வீட்டுக்கு வீடு அடுக்கி வைத்திருப்போம். முறுக்கிய அந்தக் குச்சிகளை மூங்கிலில் சணல் கயிற்றால் கட்டி, இடையிடையே பெரணி இலைகளைச் செருகி, குடியிருப்பு இளைஞர்கள் அமைக்கும் வளைவு எந்தத் தெர்மாகோல் அரண்மனையையும்விட அழகாக இருக்கிறது. பண்டிகை முடிந்ததும் குச்சி அடுப்புக்கும் பெரணி எருக்குழிக்கும் போய்விடும். தெர்மாகோல் துண்டுகளும் பளபளப்புத் தாள்களும் மழையில் அடித்துச் செல்லப்பட்டு வடிகாலில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று மலைவாழ் மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2009 நவம்பர் நிலச்சரிவுகளைப் பார்த்தவர்கள், மழைநீர் தன் வழியில் போக முடியாதபோது எந்த வழியில் போகும் என்பதை மறக்கவில்லை. நீலகிரியில் பிளாஸ்டிக்குக்கு எதிரான முயற்சி, 2019 ஜனவரி 1 அன்று தமிழ்நாடு முழுவதற்கும் வந்த தடையைவிடப் பழையது. சுப்ரியா சாஹு ஆட்சியராக இருந்த காலத்திலேயே அது தொடங்கிவிட்டது. அதனால் பைகளும் தட்டுகளும் இங்கே பெரிய சிக்கல் அல்ல. பூஜைச் சாமான்களோடு வரும் சின்னஞ்சிறு உறைகள்தாம் சிக்கல்: கற்பூரம், குங்குமம், திருநீறு, ஊதுபத்தி எல்லாம் தனித்தனி நெகிழி உறையில் வருகின்றன. அவற்றை வீடு வீடாக வாங்காமல், மொத்தமாக வாங்கிக் கிண்ணங்களில் பிரித்துக்கொடுத்தபோது குப்பை கண்கூடாகக் குறைந்தது.

கரைப்பது பற்றிப் பேச்சு எழுந்தபோதுதான் மனத்தடை இருந்தது. ஓடையில் விடாமல் வீட்டிலேயே கரைக்கலாம் என்றதும் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மனம் ஒப்பவில்லை. "ஓடுற தண்ணியில விடாம பக்கெட்டுல போடறதா டீச்சரம்மா? சாமி குத்தம் ஆயிடாதா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். வாழ்நாள் முழுதும் பூஜை செய்த ஒருவருக்கு அந்த அச்சம் வருவது நியாயமே. அவரையும் அழைத்துக்கொண்டு கோயில் குருக்களிடம் சென்றோம். புனர்பூஜை செய்து, பிள்ளையாரைச் சற்று வடக்கே நகர்த்தி, போய் வருமாறு வேண்டிக்கொண்ட பிறகு, ஆவாகனம் செய்த தெய்வம் விடைபெற்றுவிடுகிறது. அதற்குப் பின் எஞ்சுவது மண், அதை மரியாதையோடு கரைத்தால் போதும், ஊரில் கிணற்றில்தானே விடுவோம் என்றார் அவர். பாட்டி திரும்பி வரும் வழியிலேயே தன் வீட்டுப் பித்தளை அண்டாவைத் தருவதாகச் சொல்லிவிட்டார். ஊற்றிலிருந்து ஒரு குடம் நீர் கொண்டுவந்து, மஞ்சள் கலந்து அண்டாவில் ஊற்றி, குடியிருப்புப் பிள்ளையார்கள் எல்லாரையும் அதில் ஒன்றாக இறக்குவது இன்று எங்கள் வழக்கமாகிவிட்டது. முதலில் இறங்குவது பாட்டி வீட்டுப் பிள்ளையார்.

இங்கே மலைக்காரர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. சூளையில் சுடாமல் முழுக்கக் காய்ந்த களிமண், தண்ணீரில் வைத்ததும் காற்றுக் குமிழிகள் கிளம்ப, பொருபொருவென்று தானே உதிர்ந்துவிடும். பாதி ஈரமாக இருக்கும் களிமண் அப்படி உதிராது. உள்ளே ஏற்கெனவே நீர் நிரம்பியிருப்பதால் புது நீர் நுழைய இடமின்றிக் கட்டியாகவே கிடக்கும். அப்போது குச்சியால் குத்தியும் கையால் பிசைந்தும் கரைக்க வேண்டிவரும், அது பார்ப்பவர்களுக்கு வேதனை தரும் காட்சி. ஆகவே மூன்றாம் நாள் கரைக்க வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். பிள்ளையார் காயவில்லை என்றால் இன்னும் சில நாட்கள் விளக்கேற்றி வைத்திருந்து, தட்டிப் பார்த்து ஓசை மாறியதும் கரைக்கலாம். கழுத்துப் பகுதியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சில்லென்று இருக்கக் கூடாது. சில்லென்றால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள்.

அண்டாவில் கரைந்த மண் ஓரிரவில் அடியில் படிந்துவிடும். மேலே தெளியும் மஞ்சள் நீரை ரோஜாச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு, அடியிலுள்ள குழம்பைக் காடாத் துணியில் கொட்டி நீர் வடிய விட்டு, கட்டியானதும் பிசைந்து மண்பானையில் மூடி வைக்கிறோம். பூவும் புல்லும் கலந்திருந்தால் அந்த மண் நாறும். ஆகவே மாலை, பூணூல், குடை அனைத்தையும் முன்பே எடுத்துவிட வேண்டும். பூக்கள் எருக்குழிக்கு, காகிதக் குடையின் மூங்கில் குச்சி அடுத்த ஆண்டுக்கு. இப்படி மீளும் மண்ணில் சிறிது குறைவதால், கொஞ்சம் புது மண் மட்டும் வாங்கிச் சேர்த்தால் போதும்.

நைவேத்தியத்தில் எங்கள் மலைக்கே உரிய எச்சரிக்கை ஒன்று இருக்கிறது. குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் கரடிகள் கோயில்களுக்குள் புகுந்து விளக்கிலுள்ள எண்ணெயைக் குடித்துவிட்டுப் போவது அனைவரும் அறிந்தது. வெல்லமும் தேங்காயும் நெய்யும் மணக்கும் பந்தலை இரவில் அப்படியே விட்டால் கரடியைக் கூப்பிட்டு உட்கார வைப்பது போலத்தான். அதற்குப் பழகிய கரடி மனிதர்களுக்கு ஆபத்து. கூண்டு வைத்துப் பிடிக்கும் நிலை வந்தால் அந்தக் கரடிக்கும் ஆபத்து. ஆகவே பொழுது சாய்வதற்குள் நைவேத்தியம் முழுவதையும் பகிர்ந்து கொடுத்துவிடுகிறோம். விளக்கில் எண்ணெயை அளவாக ஊற்றி, இரவு பந்தலை மூடும்போது எண்ணெய்ப் புட்டி, திரி, பழத்தோல் எதுவும் வெளியே இல்லாமல் பார்த்துக்கொள்கிறோம். கொழுக்கட்டையோடு கொடுக்கும் சுண்டலுக்கு இங்கே விளையும் பச்சைப்பட்டாணியையே எடுக்கிறோம். கீழிருந்து வண்டியேறி வரும் கடலையைவிட அது ருசி.

ஒலிபெருக்கி வேண்டாம் என்பதை இளைஞர்கள் எளிதாக ஏற்றார்கள். பறையும் நாதஸ்வரமும் போதும், அதுவும் இருட்டுவதற்கு முன்பே. பெரிய சிலை வேண்டாம் என்பதைத்தான் அவர்கள் ஏற்கத் தயங்கினார்கள். பக்கத்துத் தெருக்காரர்கள் லாரியில் ஆளுயரப் பிள்ளையாரை ஏற்றிக்கொண்டு போகும்போது நாம் மட்டும் கையளவு பிள்ளையாரோடு நிற்பதா என்ற அவர்கள் வருத்தம் எனக்குப் புரிந்தது. ஊர்வலம் என்பது ஊரே ஒன்றாக நடக்கிற மகிழ்ச்சி. அதைப் பறித்துவிட்டுச் சுற்றுச்சூழல் பேசினால் எந்த இளைஞனும் கேட்க மாட்டான். ஆகவே எங்கள் குடியிருப்புக் கோயிலின் உற்சவ மூர்த்தியைச் சப்பரத்தில் வைத்து, தேயிலைக் குச்சி வளைவோடு ஊர்வலம் வருவது என்றும், கரைப்பது வீட்டுப் பிள்ளையார்களை மட்டும் என்றும் ஏற்பாடாயிற்று. சப்பரம் தூக்க இப்போது போட்டியே நடக்கிறது. பெரிய சிலைக்கும் ஒலிபெருக்கிக்கும் வசூலித்த பணத்தில் ஒரு பகுதியைச் சமபந்தி விருந்துக்கும், மீதியை எவர்சில்வர் தட்டும் டம்ளரும் வாங்கவும் செலவிட்டோம். அந்தப் பாத்திரங்கள் குடியிருப்பில் நடக்கும் காதுகுத்துக்கும் துக்க வீட்டுச் சாப்பாட்டுக்கும்கூடப் பயன்படுகின்றன.

இதைத் தங்கள் ஊரில் தொடங்க நினைப்பவர்கள் ஆடி மாதக் கடைசியிலேயே மண்ணுக்குச் சொல்லிவிட வேண்டும். சதுர்த்தி நெருங்கிவிட்டால் மண்பாண்டம் செய்பவர்களிடம் அச்சுப் பிள்ளையார் வேலை குவிந்துவிடும், பதமான மண் கிடைக்காது. பிள்ளையாரைப் பிடிப்பது சதுர்த்திக்கு இரண்டு வாரம் முன்பாவது இருக்கட்டும். ஊட்டிப் பக்கம் இன்னும் உயரத்தில் இருப்பவர்கள் அதற்கும் சற்று முன்பே தொடங்கலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் உருண்டை மண்ணோடு, கூடுதலாகச் சில உருண்டைகளை ஈரச் சாக்கில் வைத்திருப்பது நல்லது. குழந்தைகளில் யாராவது ஒருவர் கடைசி நாளில் இரண்டாவது பிள்ளையார் கேட்பார்கள்.